எதிரெதிரே இரண்டு பிஸ்டன்: கார்ல் பென்ஸின் இன்னொரு எஞ்சின்

கார்ல் பென்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மூணு சக்கர வண்டிதான். 1886, காப்புரிமை, உலகின் முதல் மோட்டார் கார். ஸ்கூல் க்விஸ்ல எல்லாரும் கை தூக்குற கேள்வி. ஆனால் அந்த வண்டிக்குப் பத்து வருஷம் கழித்து அதே மனிதர் இன்னொரு வேலையும் செய்தார். இரண்டு சிலிண்டரைப் படுக்கவைத்து, எதிரெதிரே நிறுத்தி, நடுவில் ஒரு கிராங்க்‌ஷாஃப்ட்டை வைத்தார். இன்றைக்கு பிஎம்டபிள்யூ பைக்கில், போர்ஷே 911இல், சுபாருவில், பைலட் டிரெயினிங் கொடுக்கிற குட்டி விமானங்களில் ஓடுகிற பாக்ஸர் எஞ்சினுக்கு அதுதான் மூலம்.

அந்த எஞ்சின் ஜெயித்தது. செய்தவர் சொந்தக் கம்பெனியிலேயே தோற்று வெளியே போனார். டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரியில் பேலன்சிங் யூனிட்டைப் பார்த்தாலே கொட்டாவி விடும் நண்பர்களுக்காகவே இந்தக் கதை.

ரயில் டிரைவரின் மகன்

1844 நவம்பர் 25 அன்று, இன்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரோடு சேர்ந்துவிட்ட மூல்பர்க்கில் பிறந்தார் பென்ஸ். அப்பா ரயில் எஞ்சின் டிரைவர். பையனுக்கு இரண்டு வயது ஆகும் முன்பே அவர் இறந்துவிட்டார். அம்மா யோசஃபீன் கையில் இருந்ததோ கொஞ்சம் பணம். பையன் படித்து ஒரு அரசாங்க வேலைக்குப் போய்விட்டால் போதும் என்பதுதான் அவருடைய ஆசை. நம்ம வீடுகளில் கேட்காத ஆசையா என்ன?

பையனுக்கு மெஷின்தான் பிடித்தது. 15 வயதில் கார்ல்ஸ்ரூ பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். அங்கே ஃபெர்டினாண்ட் ரெட்டன்பாகர், ஃபிரான்ஸ் கிராஸ்ஹோஃப் என்று இரண்டு ஜாம்பவான்கள் பாடம் நடத்தினார்கள். தெர்மல் பாடத்தில் கிராஸ்ஹோஃப் நம்பர் என்று ஒன்று வருமே, அவர்தான் இவர். 1864இல், 19 வயதில் பென்ஸ் படிப்பை முடித்தார்.

அதற்கப்புறம் ஏழு வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனி. மெஷின் ஷாப், எடைத் தராசு தயாரிக்கும் இடம், பாலம் கட்டும் நிறுவனம் என்று பல இடம் மாறினார். எங்கேயும் மனசு ஒட்டவில்லை. குதிரை இல்லாமல் தானாக ஓடும் வண்டி என்ற யோசனை மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது.

கடனில் ஓடிய பட்டறை

1871இல் மான்ஹைம் நகரில் அவுகுஸ்ட் ரிட்டர் என்பவரோடு கூட்டு சேர்ந்து ஒரு பட்டறை ஆரம்பித்தார். கூட்டாளி சரிப்படவில்லை. பட்டறை கைவிட்டுப் போகும் நிலையில் காப்பாற்றியவர் பெர்த்தா ரிங்கர், பென்ஸுக்கு நிச்சயமான பெண். கல்யாணத்துக்காகப் பெற்றோர் வைத்திருந்த சீர்ப்பணத்தை முன்கூட்டியே வாங்கி, ரிட்டரின் பங்கை விலைக்கு வாங்க வைத்தார். 1872 ஜூலையில் கல்யாணம். அதாவது மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்பே சீர்ப்பணம் பட்டறைக்குப் போய்விட்டது!

அடுத்த சில வருஷம் வறுமை. அன்றைக்கு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் காப்புரிமை நிக்கோலஸ் ஓட்டோ தரப்பின் கையில் இருந்தது. அதனால் பென்ஸ் இரண்டு ஸ்ட்ரோக் கேஸ் எஞ்சின் பக்கம் போனார். நாள் கணக்கில் முயன்றும் எஞ்சின் சரியாக ஓடவில்லை. 1879 டிசம்பர் 31 ராத்திரி. சாப்பிட்டு முடித்தபின் பெர்த்தா, இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கணவரைக் கிளப்பினார். இரண்டு பேரும் பட்டறைக்குப் போனார்கள். அன்றைக்கு எஞ்சின் பிடித்துக்கொண்டது, நிற்காமல் ஓடியது. வெளியே புது வருஷத்துக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது.

1883இல் புதிய கூட்டாளிகளோடு பென்ஸ் அண்ட் சி. ஆரம்பமானது. கேஸ் எஞ்சின் விற்பனை சோறு போட்டது. வண்டிக் கனவுக்கும் நேரம் கிடைத்தது. 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், எண் 37435. ஒற்றை சிலிண்டர், 954 சிசி, முக்கால் குதிரைத்திறன், நிமிடத்துக்கு 400 சுற்று.

அந்த வண்டியில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிங்க. ஃப்ளைவீல் நிமிர்ந்து நிற்காமல் தட்டு மாதிரிப் படுத்திருக்கும். நிமிர்த்தி வைத்தால் அதன் ஜைரோஸ்கோப் விளைவு ஸ்டியரிங்கைத் தொந்தரவு செய்யுமோ என்று பென்ஸுக்குப் பயம். அந்த வேகத்துக்கு அந்தப் பயம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஆளின் குணம் அதில் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத விசை வண்டியை என்ன செய்யும் என்று முதலில் யோசிப்பவர் அவர். திரும்பத் திரும்ப சரிபார்ப்பார். ரெடி என்று சொல்லவே மனசு வராது.

அந்தத் தயக்கத்தை உடைத்தவரும் பெர்த்தாதான். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல் மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு வண்டியைக் கிளப்பிவிட்டார். சுமார் 105 கி.மீ. வழியில் வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்கு ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். மேடு வந்தபோது பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்ததும், மேடு ஏற இன்னொரு கியர் வேணும் என்ற ஃபீட்பேக்கும் கிடைத்தது. உலகின் முதல் நீண்ட தூர ரோடு டெஸ்ட் அது.

ஒற்றை சிலிண்டரின் உதறல்

1893இல் விக்டோரியா, 1894இல் வேலோ. வேலோ ஏறக்குறைய 1,200 வண்டி விற்றது. ஒரே மாதிரியாகத் தொடர்ந்து தயாரிக்கப்பட்ட முதல் கார் அது. எல்லாவற்றுக்கும் பின்னால் அதே ஒற்றை சிலிண்டர். ஆனால் வாங்குபவர்கள் இன்னும் பவர் கேட்டார்கள்.

ஒற்றை சிலிண்டரில் பவரைக் கூட்டணும் என்றால் சிலிண்டரைப் பெரிதாக்கணும், அல்லது வேகத்தைக் கூட்டணும். இரண்டிலும் உதறல் கூடும். ஏன் என்பது நம்ம பாடத்திலேயே இருக்கிறது. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நின்று திரும்புகிறது. அதை நிறுத்தவும் திருப்பி ஓடவைக்கவும் தேவைப்படும் விசை, எதிர்வினையாக எஞ்சின் பாடியில் இறங்குகிறது. கிராங்க் சுற்றும் அதே வேகத்தில் அடிப்பது பிரைமரி விசை. கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து போவதால், அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சின்னதாக இன்னொன்றும் அடிக்கும், அது செகண்டரி. இரண்டும் வேக மடங்கின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் உதறல் நான்கு மடங்கு.

கிராங்க்கில் எதிர் எடை வைக்கலாமே? வைக்கலாம். ஆனால் பிஸ்டன் நேர்கோட்டில் போய் வருகிறது, எதிர் எடையோ வட்டத்தில் சுற்றுகிறது. பிஸ்டன் போகும் திசையில் எவ்வளவு சமன் செய்கிறோமோ, அவ்வளவும் குறுக்குத் திசையில் புது உதறலாக வந்து நிற்கும். அதனால் பாதியளவு சமன் செய்துவிட்டு மீதியைச் சகித்துக்கொள்வதுதான் வழக்கம். மரச் சக்கரமும் பெல்ட்டும் வைத்த அன்றைய வண்டி இதை எவ்வளவு தாங்கும்?

கான்ட்ரா

பென்ஸின் விடை ரொம்ப எளிமையானது. ஒரு பிஸ்டனின் விசையைச் சமன் செய்ய அதே எடையில், அதே ஓட்டத்தில், நேர் எதிர்த் திசையில் போகும் இன்னொரு பொருள் வேணும். அந்தப் பொருள் இன்னொரு பிஸ்டனாகவே இருந்துவிட்டால்? உதறலும் போகும், பவரும் இரட்டிக்கும்.

கிராங்க்‌ஷாஃப்ட்டில் 180 டிகிரி தள்ளி இரண்டு பின். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு பிஸ்டன். இடது பிஸ்டன் வெளியே போகும்போது வலதும் வெளியே போகும். உள்ளே வரும்போது இரண்டும் சேர்ந்தே வரும். விசைகள் ஒன்றையொன்று கழித்துவிடும். பிரைமரி மட்டும் இல்லை, செகண்டரியும் கழிந்துவிடும். ஏனென்றால் இரண்டு பிஸ்டனின் ஓட்டமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி அச்சு அசல். 1896இல் இதற்குக் காப்புரிமை; 1897இல் கான்ட்ரா என்ற பெயரோடு வண்டியில் ஏறியது. 1.7 லிட்டர், 5 குதிரைத்திறன். பயணிகள் முதுகோடு முதுகாக உட்காரும் டோ-ஸா-டோ வண்டியில் அது வந்தது.

பற்றவைப்பிலும் ஒரு வசதி உண்டு. இரண்டு பிஸ்டனும் ஒரே சமயத்தில் மேல்முனையைத் தொட்டாலும், ஒன்று கம்ப்ரஷன் முடித்திருக்கும், மற்றொன்று எக்ஸாஸ்ட் முடித்திருக்கும். அதனால் 360 டிகிரிக்கு ஒரு வெடிப்பு என்று சீரான இடைவெளி கிடைக்கும்.

குறையே இல்லையா? இருக்கு. ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் தனிப் பின் தேவை என்பதால் இரண்டு சிலிண்டரும் துல்லியமாக ஒரே கோட்டில் நிற்க முடியாது. கொஞ்சம் முன்னே பின்னே தள்ளித்தான் நிற்கும். அந்தச் சின்ன இடைவெளி, கழிந்துபோன விசைகளுக்கு ஒரு கப்பிளைக் கொடுக்கும். எஞ்சின் லேசாக இடமும் வலமும் திருகும். கிராங்க்கேஸ் மூடியிருந்தால், இரண்டு பிஸ்டனும் சேர்ந்து உள்ளே வரும்போது அங்கிருக்கும் காற்று அழுத்தப்படும். அதற்கு மூச்சு விட வழி வைக்கணும். சிலிண்டர் ஹெட்டும் இரண்டு பக்கமும் தனித்தனி. செலவும் கூடும், அகலமும் கூடும்.

1899இல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கொலோன் வரை நடந்த பந்தயத்தில், 8 குதிரைத்திறன் கான்ட்ரா எஞ்சின் வைத்த பென்ஸ் காரை ஓட்டி ஃபிரிட்ஸ் ஹெல்ட் ஜெயித்தார். அந்த வருஷம் பென்ஸ் கம்பெனி 572 வண்டிகள் செய்து, உலகத்திலேயே பெரிய கார் தயாரிப்பாளராக இருந்தது. பென்ஸுக்கு அப்போது 55 வயதுகூட ஆகவில்லை.

படுத்ததெல்லாம் பாக்ஸர் இல்லை

கதைக்கு நடுவில் வைவாவுக்கு உதவும் ஒரு விஷயம். பார்க்கப் படுக்கையாக இருக்கும் எல்லா எஞ்சினும் பாக்ஸர் ஆகாது.

எதிரெதிர் பிஸ்டன் ஒவ்வொன்றுக்கும் தனிப் பின் இருந்து, இரண்டும் சேர்ந்து உள்ளே வந்து சேர்ந்து வெளியே போனால் பாக்ஸர். குத்துச்சண்டைக்காரர் இரண்டு கையுறைகளையும் மோதிப் பிரிப்பது மாதிரி. எதிரெதிர் பிஸ்டன் இரண்டும் ஒரே பின்னைப் பகிர்ந்துகொண்டால் ஒன்று உள்ளே வரும்போது மற்றது வெளியே போகும். அது 180 டிகிரி வரை விரித்துவைத்த வி எஞ்சின். போர்ஷே 917இன் 12 சிலிண்டர் அந்த வகை. பெயரிலேயே பாக்ஸர் என்று வைத்துக்கொண்ட ஃபெராரியின் 12 சிலிண்டரும் அப்படித்தான்! ஒவ்வொரு பக்கமும் ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கும்போது அந்த வரிசை தானாகவே சமனாகிவிடும். அதனால் அங்கே தனித்தனிப் பின் தேவைப்படவில்லை.

ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன் முகத்தோடு முகம் பார்ப்பது இன்னொரு வகை. அதில் சிலிண்டர் ஹெட்டே கிடையாது. நம்ம ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கின் லேலண்ட் எல்60 அந்த ரகம். அதையும் பாக்ஸரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பாக்ஸரிலும் எண்ணிக்கை கூடக்கூடக் குணம் மாறும். நான்கு சிலிண்டர் வைத்தால் செகண்டரி விசை போய்விடும், ஒரு சின்ன கப்பிள் மட்டும் மிஞ்சும். அதே நான்கை நேர் வரிசையில் நிறுத்தினால் செகண்டரி விசை அப்படியே மிஞ்சி நிற்கும். ஆறு சிலிண்டர் பாக்ஸரில் விசையும் கப்பிளும், பிரைமரியும் செகண்டரியும் எல்லாமே கழிந்துவிடும். 1963இல் வந்த போர்ஷே 911 இன்று வரை அதை விடாமல் வைத்திருக்கிறது.

நீஸ் நகரத்தின் வாரம்

1900இல் பென்ஸ் கம்பெனி 603 வண்டிகள் விற்றது. அதுதான் உச்சி.

1901 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த பந்தய வாரத்தில் டைம்லர் கம்பெனி ஒரு புதுக் காரை இறக்கியது. வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்தது. எமில் யெல்லினெக் என்ற வியாபாரி கேட்டு வாங்கி, தன் மகள் பெயரான மெர்சிடிஸை அதற்கு வைத்திருந்தார். முன்பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் நான்கு சிலிண்டர், 35 குதிரைத்திறன். நீளமான, தாழ்வான உடம்பு. தரையை ஒட்டிய ஈர்ப்பு மையம். அதன் பக்கத்தில் மற்ற கார்களெல்லாம் குதிரையை அவிழ்த்துவிட்ட வண்டி மாதிரித் தெரிந்தன. பென்ஸ் கார்கள் நிஜமாகவே அப்படித்தான் இருந்தன. உயரமான இருக்கை, அதன் கீழே பின்னால் எஞ்சின், பெல்ட் வைத்த டிரைவ்.

இங்கேதான் மனசு உறுத்துகிறது. எஞ்சின்களிலேயே ஈர்ப்பு மையத்தைத் தரையோடு இறக்கக் கூடியது பாக்ஸர்தான். பென்ஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு, உயரமான வண்டிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார். தாழ்வான கார் எப்படி ரோட்டைப் பிடிக்கும் என்று உலகத்துக்குக் காட்டியதோ, நிமிர்ந்து நிற்கும் எஞ்சின் வைத்த ஒரு கார். எஞ்சினை அவ்வளவு துல்லியமாக யோசித்தவர், அதைச் சுற்றி நிற்கும் வண்டியைப் பழைய அச்சிலேயே விட்டுவிட்டார். வேகத்தில் அவருக்கு மோகம் கிடையாது. வண்டி பத்திரமாக, நம்பகமாக ஓடினால் போதும் என்பது அவர் கட்சி. வாங்குபவர்கள் வேறு கட்சிக்குப் போய்விட்டார்கள்.

1901இல் விற்பனை 385க்கு இறங்கியது. 1903இல் வெறும் 172. நிர்வாகத்தில் இருந்த யூலியஸ் கான்ஸ், பிரான்சிலிருந்து மாரியுஸ் பார்பரூ என்ற பொறியாளரை ஒரு குழுவோடு வரவழைத்தார். மான்ஹைமில் ஒரே கூரையின் கீழ் ஜெர்மன் டிசைன் டீம் ஒன்று, பிரெஞ்ச் டிசைன் டீம் ஒன்று. பார்பரூ டீம் செய்த பார்சிஃபால் காரில் எஞ்சின் முன்னால் வந்தது, நிமிர்ந்தும் நின்றது. 1903 ஜனவரியில் பென்ஸ் பொறுப்பை விட்டு விலகினார். தன் பெயரைப் பலகையில் வைத்திருந்த தொழிற்சாலையிலிருந்து, 58 வயதில்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்வது கஷ்டம். கம்பெனிக்குப் புது வண்டி தேவைப்பட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வண்டியை மாற்றும்போது எஞ்சினையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பழைய வண்டியையும் புது எஞ்சினையும் தனித்தனியாக மதிப்பிட யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. பென்ஸுக்கும்தான்.

லாடன்பர்க்

பிறகு மேற்பார்வைக் குழுவில் உறுப்பினராக மட்டும் அவர் பழைய கம்பெனியோடு தொடர்பு வைத்துக்கொண்டார். 1906இல் பக்கத்து ஊரான லாடன்பர்க்கில் மகன்களோடு சின்னதாக ஒரு கம்பெனி தொடங்கினார். 1914இல், படித்த கார்ல்ஸ்ரூ கல்லூரியே கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1926இல் பென்ஸ் கம்பெனியும் அதைத் தோற்கடித்த டைம்லர் கம்பெனியும் ஒன்றாகின. மெர்சிடிஸ் என்ற பெயரும் பென்ஸ் என்ற பெயரும் ஒரே முத்திரையில் வந்து உட்கார்ந்தன. எதிரெதிராக ஓடிய இரண்டு பெயர் அது.

அதற்குள் பாக்ஸர் எஞ்சின் தனக்கேற்ற இடத்தைத் தேடிப் போயிருந்தது. 1923இல் மாக்ஸ் ஃபிரிட்ஸ் பிஎம்டபிள்யூவின் ஆர்32 பைக்கை வடிவமைத்தார். அதற்கு முன்பு அதே கம்பெனி செய்த எஞ்சினைச் சிலர் பைக்கில் நீளவாக்கில் வைத்தபோது, பின் சிலிண்டருக்குக் காற்று போகாமல் சூடேறியது. ஃபிரிட்ஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பினார். இரண்டு சிலிண்டரும் இரண்டு பக்கமும் காற்றில் நீட்டிக்கொண்டன. கிராங்க்‌ஷாஃப்ட் நீளவாக்கில் வந்துவிட்டதால் செயினே இல்லாமல் ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரத்துக்குப் பவர் போனது. காரில் குறையாகத் தெரிந்த அகலம், பைக்கில் வரமாகிவிட்டது.

1929 ஏப்ரல் 4 அன்று லாடன்பர்க் வீட்டில் கார்ல் பென்ஸ் இறந்தார். வயது 84. பெர்த்தா இன்னும் 15 வருஷம் இருந்து, 1944இல் 95 வயதில் இறந்தார்.

அவர் பார்க்காமல் போனது நிறைய. நான்கு சிலிண்டர் பாக்ஸரைப் பின்னால் வைத்து இரண்டு கோடிக்கும் மேல் விற்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டில். இரண்டு சிலிண்டரோடு பிரெஞ்சுக் கிராமத்து ரோடுகளில் ஓடிய சிட்ரோன் 2சிவி. 1966இல் பாக்ஸரைத் தொட்டு இன்னும் விடாத சுபாரு. 1975இல் வந்த ஹோண்டா கோல்ட் விங். தட்டையான எஞ்சின் பைலட்டின் பார்வையை மறைக்காது, சிலிண்டர்கள் காற்றில் நன்றாகக் குளிரும் என்பதால் பாக்ஸரையே பிடித்துக்கொண்ட செஸ்னா 172 மாதிரியான விமானங்கள். ஒவ்வொன்றிலும் எஞ்சினுக்கேற்ற மாதிரி வண்டியை யோசித்தவர் ஒருவர் இருந்தார்.

நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூவில் இது நடக்காமல் இருக்குமா? ஒரு நல்ல மெக்கானிசம் செய்திருப்போம். அதைப் பொருத்திய ஃபிரேம் சரியில்லை என்பதற்காக மொத்தத்தையும் ஓரம் கட்டிவிடுவார்கள். அல்லது ஃபிரேமைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலே, மெக்கானிசத்தைக் குறை சொன்னதாக நினைத்து நாம் முறுக்கிக்கொண்டு வெளியே வருவோம். 1903இல் மான்ஹைமில் இரண்டுமே நடந்தது.

அடுத்த தடவை சிக்னலில் ஒரு பிஎம்டபிள்யூ ஜிஎஸ் பக்கத்தில் வந்து நின்றால், ரைடரின் கால் பக்கம் இரண்டு புறமும் நீட்டியிருக்கும் சிலிண்டரைப் பாருங்க. மூணு சக்கர வண்டிக்காரர் 1896இல் போட்ட கணக்கு, இன்னமும் சரியாகக் கழிந்துகொண்டிருக்கிறது.